முடியாத நாளில் வீட்டு வேலை யாருடையது?

தம்பதியரில் ஒருவருக்கு வலியும் அசதியும் வந்து நிலைத்துவிட்டால், எந்த மருந்து என்பதற்கு மருத்துவர் ஒரு பதில் வைத்திருக்கிறார். பாத்திரத்தை யார் கழுவுவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. வீட்டில் குரல் உயர்வதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான். துவைத்த துணி மாலை வரை வாளியிலேயே கிடந்தது, குழந்தையின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட மறந்தது, உறவினர் வீட்டு விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில் "நான் வரவில்லை" என்றது. சண்டைக்கான காரணங்களை எழுதிப் பார்த்தால் வலி என்ற சொல்லே அதில் இருக்காது.

இதற்குத் தம்பதியர் கண்டுகொள்ளும் வழிகள் ஏறக்குறைய ஐந்து. பழையபடியே ஓட்டுவது, நலமாக இருப்பவர் எல்லாவற்றையும் ஏற்பது, வேலைகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வது, அன்றன்றைய உடல்நிலைக்கேற்ப மாற்றிக்கொள்வது, வெளியாரின் உதவியை நாடுவது. நான் வலியுள்ள பக்கத்தில் இருப்பவள். என் கணிப்பு சற்றே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? யார் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று எண்ணுவதுதான் வழக்கம். அந்தக் கணக்கு சண்டையை வளர்க்குமே தவிரத் தீர்க்காது. நான் பார்ப்பது இரண்டு: ஒரு நாளில் வலியுள்ளவர் எத்தனை முறை வாய்விட்டு உதவி கேட்க வேண்டியிருக்கிறது, மற்றவர் எத்தனை முறை முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. கேட்பது இலேசான காரியம் என்று நலமாக இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரே மனிதரிடம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேலைக்கும், அவர் களைத்து வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தால் அது தனியொரு சுமை. பலர் கேட்பதற்குப் பதில் வலியோடு தாங்களே செய்துவிடுகிறார்கள்.

முதலில் வலியின் நேரம்

எந்த ஏற்பாட்டுக்கும் முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. இந்த உடம்பு நாளின் எந்தப் பகுதியில் முடங்குகிறது, எந்தப் பகுதியில் எழுகிறது என்பதை இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கு நோய் இது மாறுகிறது.

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் காலை நேரம் கொடியது. விரல்கள் மடங்காத இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். பொழுது ஏற ஏறச் சற்று இளகும். மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நாள் முழுதும் நின்று நடந்த பிறகு மாலையில்தான் முழங்கால் பழிவாங்கும். முதுகெலும்பைப் பாதிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் ஓய்வெடுத்தால் வலி கூடும், அசைந்தால் குறையும். பின்னிரவில் எழுந்து நடப்பவரைப் பார்த்து "படுத்துத் தூங்கேன்" என்று சொல்வது அவருக்கு எந்த வகையிலும் உதவாது. உடம்பெங்கும் வலி பரவியிருக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடத் தம்பதியரைக் குழப்புவது நாட்பட்ட களைப்பு நோய். அதில் உழைப்புக்கும் விளைவுக்கும் இடையே இடைவெளி உண்டு. சக்திக்கு மீறிச் செய்த வேலையின் தாக்கம் பல மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும். வந்தால் நாட்கணக்கில் படுக்க வைக்கும். சனிக்கிழமை அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்தவர் திங்கட்கிழமை எழ முடியாமல் கிடப்பார். கணவர் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பிப் பார்ப்பார். அன்று ஓய்வாகத்தானே இருந்தாள், பிறகென்ன என்று தோன்றும். கணக்கில் தவறு அவர் தேடும் நாளில் இருக்கிறது. இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் செய்த வேலை, வந்த வலி, தூங்கிய நேரம் மூன்றையும் எழுதிவைத்தால் இந்த இடைவெளி இருவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

"ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையே" என்பதற்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகுக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், வேறு நோயால் விளக்க முடியாத வலிக்கும் தனிப் பிரிவு உண்டு. அங்கே வலியே நோய். வீட்டுக்குள் அதை மறுபடி விசாரணைக்கு எடுக்கத் தேவையில்லை.

பழையபடியே ஓட்டுவது

யாரும் தேர்ந்தெடுக்காமலே நடப்புக்கு வரும் ஏற்பாடு இது. வேலைப் பங்கு முன்பிருந்தது போலவே இருக்கும். முடியாதபோது சொன்னால் மற்றவர் செய்வார். மாதத்தில் சில நாள் மட்டும் வரும் ஒற்றைத் தலைவலிக்கோ, மருந்துக்குக் கட்டுப்பட்டுவிட்ட மூட்டுவலிக்கோ இதுவே போதும். நோயாளி என்ற அடையாளம் வீட்டுக்குள் நுழையாமல் இருப்பது பெரிய ஆறுதல்.

வலி நிரந்தரமானால் இந்த ஏற்பாடு நொறுங்கிவிடுகிறது. கேட்பதும் ஊகிப்பதும் இதில்தான் மிக அதிகம். வலியில் இறுகிய முகமும் கோபத்தில் இறுகிய முகமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். "என்ன கோபம்?" "ஒன்றுமில்லை." இந்த இரண்டு வரி எத்தனை மாலைப் பொழுதைத் தின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொரு கேடும் உண்டு. சற்று நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்து, அடுத்த சில நாள் விழுந்து கிடப்பது. நல்ல நாளில் கடன் தீர்க்கும் இந்தப் பழக்கத்தை விடச்சொல்லித்தான் வலி சிகிச்சையாளர்கள் முதலில் அறிவுறுத்துவார்கள்: வலி வந்த பிறகு நிறுத்தாதீர்கள், வருமுன் நிறுத்துங்கள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நோயுற்றவர் மனைவியாக இருந்தால் இந்த முதல் ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீளும். வேலைகள் ஏற்கெனவே அவர் கையில் இருப்பதால் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. நோயுற்றவர் கணவரானால் மறுநாளே அடுத்த ஏற்பாடு வந்துவிடும். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மூளைக்கட்டி, பிற புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 515 பேரைப் பின்தொடர்ந்தது. நோயாளி பெண்ணாக இருந்த மணவாழ்வுகளில் 20.8 விழுக்காடு பிரிவிலோ மணமுறிவிலோ முடிந்தன. ஆணாக இருந்தவற்றில் 2.9 விழுக்காடு. வலி நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அல்ல அது. அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் யார் படுத்தால் வீடு எப்படி நடந்துகொள்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள அது போதும்.

எல்லாவற்றையும் ஒருவரே ஏற்பது

வெளியிலிருந்து பார்க்க இதுதான் அன்பின் உச்சம். கேட்க வேண்டியதில்லை, ஊகிக்க வேண்டியதில்லை. என் அளவுகோலின்படி முழு மதிப்பெண் பெற வேண்டியது. பெறாததற்குக் காரணம், அது விலையை வேறொரு இடத்தில் வசூலிக்கிறது.

வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒன்றைக் கவனப்படுத்தினார். வலியை வெளிக்காட்டும் ஒவ்வொரு முறையும் கவனிப்பும் ஓய்வும் வந்து சேர்ந்தால், அந்த வெளிக்காட்டல் வேரூன்றுகிறது, செயல்பாடு சுருங்குகிறது. துணைவர் அளவுக்கு மீறித் தாங்கும் வீடுகளில் இயலாமை கூடுதலாகக் காணப்படுவதைப் பின்வந்த ஆய்வுகளும் குறித்தன. இதை வைத்து "அவள் நடிக்கிறாள்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஃபோர்டைஸ் சொன்னது அதுவல்ல. அவர் பேசியது மனித உடம்பு பழகிக்கொள்ளும் விதத்தை. அதிகம் முடியாதவருக்கு அதிக உதவி கிடைப்பது இயல்புதானே என்ற எதிர்க்கேள்விக்கும் இடமிருக்கிறது.

இங்கே நோயின் பெயர் முக்கியமாகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2021 ஏப்ரலில் வெளியிட்ட குறிப்பில், காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்பட்ட களைப்பு நோய்க்கு வெளியிட்ட குறிப்பில், படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைத் தரக் கூடாது என்றது. முதலாமவர் கையிலிருந்து எல்லா அசைவையும் பிடுங்கிக்கொள்வது அவருக்குத் தீங்கு. இரண்டாமவரை "கொஞ்சம் நடந்தால் சரியாகும்" என்று எழுப்புவது தீங்கு. இருவருமே "அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். எந்த நோய் என்று தெரியாமல் துணைவர் காட்டும் பரிவு கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

மற்ற விலையைத் தாங்குபவர் கொடுக்கிறார். தூக்கம், நட்பு, தனக்கென்ற ஒரு மணி நேரம், கடைசியில் தன் முதுகு. நோயுற்றவரோ வீட்டின் முடிவுகளிலிருந்து மெல்ல விலக்கப்படுகிறார். "உனக்கு எதற்குச் சிரமம்" என்று ஆரம்பித்து, குழந்தையின் ஆசிரியர் என்ன சொன்னார் என்பதுகூட அவர் காதுக்கு வராமல் போகும். ஆகவே இந்த ஏற்பாடு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, நோய் திடீரென்று தீவிரமடையும்போதோ, முடிவுத் தேதி குறித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. படுக்கையை விட்டு எழவே முடியாத நிலையில் தேதி குறிக்க இயலாது. அப்போது முடிவுகளையாவது இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

நிரந்தரமாகப் பிரிப்பது

பாரமானது உனக்கு, இலேசானது எனக்கு என்று பிரிப்பதுதான் வழக்கம். தண்ணீர் தூக்குவது, தரை துடைப்பது, ஈரத்துணி பிழிவது ஒரு பக்கம். பணக்கணக்கு, தொலைபேசி விசாரிப்பு, குழந்தையின் வீட்டுப்பாடம் மறு பக்கம். கேட்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். தன் பங்கு என்று ஒன்று இருப்பதால் மரியாதையும் காப்பாற்றப்படும்.

இந்தப் பிரிவினையில் ஓர் ஓட்டை இருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை இலேசானது என்று யார் சொன்னது? நீண்ட வலியிலும் அசதியிலும் மூளை மந்தப்படும். படித்த வரியையே மீண்டும் படிக்க வைக்கும். சில வலி மருந்துகள் அதைக் கூட்டும். அந்த நிலையில் வரவுசெலவுக் கணக்கு எழுதுவது தரை துடைப்பதைவிடக் கொடுமை.

எனவே பாரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். குறித்த மணிக்கு நடந்தே தீர வேண்டிய வேலைகள் உண்டு: குழந்தையைப் பள்ளியில் விடுவது, காலைச் சமையல், கட்டணம் செலுத்தும் கடைசித் தேதி. எப்போது செய்தாலும் சரி என்ற வேலைகளும் உண்டு: துணி மடிப்பது, அலமாரி அடுக்குவது, வாங்க வேண்டியவற்றைக் குறித்துவைப்பது. முதல் வகை நலமாக இருப்பவருக்கு, இரண்டாவது வகை வலியுள்ளவருக்கு. காலை ஆறு மணிக்கு விரல் மடங்காத ஒருவர் பதினொரு மணிக்கு நிதானமாகத் துணி மடிக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் வீடு இடிந்துவிழாது. எங்கள் வீட்டில் பல கசப்புகள் தீர்ந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

நினைவில் வைத்திருப்பதும் வேலைதான் என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். மருந்து தீரப் போகிறது, அடுத்த பரிசோதனை எப்போது, யார் வீட்டு விழாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சுமப்பவர் யார் என்று பெயரிடாவிட்டால் அது சத்தமில்லாமல் ஒருவர் தலையிலேயே ஏறும்.

அன்றன்றைக்குத் தீர்மானிப்பது

நல்ல நாள் ஒன்றில் இருவரும் உட்கார்ந்து மூன்று நிலைகளை வகுத்துக்கொள்வது இதன் அடிப்படை: முடியும் நாள், பாதி நாள், முடியாத நாள். ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்வார், எது கைவிடப்படும் என்று எழுதிவிட வேண்டும். காலையில் ஒரே ஒரு சொல் போதும். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், முகத்தைப் படிக்கவும் வேண்டாம்.

பத்துக்கு எத்தனை என்று எண்ணில் சொல்லலாமே என்பார்கள். மருத்துவமனையில் அந்த எண் பயன்படும். வீட்டில் அதுவே வழக்காகிவிடும். "நேற்றும் ஏழு என்றாய், கடைக்குப் போனாயே?" எண் வலியை அளக்கிறது, வீட்டுக்குத் தெரிய வேண்டியது இன்று எந்தப் பட்டியல் என்பது மட்டுமே. தவிர வலி குறைவாகவும் அசதி உச்சத்திலும் இருக்கும் நாளை ஒற்றை எண்ணால் சொல்லவே முடியாது.

இந்த ஏற்பாடு சிக்கும் இடமும் ஒன்று உண்டு. பாத்திரம் கழுவ முடியாதவரால் தோழியோடு ஒரு மணி நேரம் பேச முடிகிறது. தரை துடைக்க முடியாதவர் பேரக்குழந்தையோடு உட்கார்ந்து விளையாடுகிறார். பார்ப்பவருக்கு மனதில் சுருக்கென்று தைக்கும். "இதற்கு மட்டும் முடிகிறதா?" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் கண்ணில் வரும். இருக்கும் சக்தி முழுவதும் கடமைக்கே போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. கடமை மட்டுமே மிஞ்சும் வாழ்க்கையில் மனச்சோர்வு எளிதில் குடிபுகும். நாட்பட்ட வலியுள்ளவர்களிடம் மனச்சோர்வு ஏற்கெனவே மிகுதி. எனவே மகிழ்ச்சிக்கு ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிப் பட்டியலிலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதியதை யாரும் குத்திக்காட்ட முடியாது.

நான்காவதாக இன்னொரு பட்டியலும் தேவை. பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான். இருவராலும் முடியாத நாளுக்கான பட்டியல். நலமாக இருப்பவருக்கும் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் இடி விழும், ஒன்றும் செய்யப் பிடிக்காத நாள் வரும். ஒப்பிட்டால் தன் கஷ்டம் சிறியது என்று அவர் அதைச் சொல்வதே இல்லை. அன்று மருந்து, குழந்தைகளுக்குச் சாப்பாடு, கதவு பூட்டுவது என்று மூன்றோ நான்கோ இருந்தால் போதும். மற்றவை மறுநாளைக்கு.

முடியும் நாளே இல்லாதவருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. தினமும் ஒரே சொல்லைச் சொல்ல வைப்பது கொடுமை. அவர்களுக்கு நிரந்தரப் பிரிவினையே மேல். ஏற்ற இறக்கம் உள்ள நோய்களுக்கு நேரம் பார்த்துப் பிரித்த பட்டியலை அடித்தளமாக வைத்து, அதன் மேல் இந்த மூன்று நிலைகளையும் வைப்பதுதான் என் தேர்வு.

வெளி உதவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வசதியிருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வருபவர் வேலையைக் குறைப்பார். உறவாக வருபவர் வேலையைக் குறைத்துக் கருத்துகளைக் கூட்டுவார். ஆளைவிடப் பொருள் பல நேரம் அடக்கமானது: குளியலறையில் ஒரு முக்காலி, நீண்ட பிடியுள்ள துடைப்பம், இடுப்பளவு உயரத்துக்கு மாற்றிய அலமாரி.

ஒரே படுக்கையா, தனித்தனியா?

வேலைப் பங்கைவிடக் கூச்சமான முடிவு இது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாக உறைக்கும். வலி கூடினால் தூக்கம் கெடும். புரண்டுகொண்டே இருப்பவர் பக்கத்தில் படுத்தவருக்கும் அடுத்த நாள் கெடுகிறது. தனிப் போர்வை, தனி மெத்தை, தனி அறை என்று படிப்படியாகப் போகலாம். தனியாகத் தூங்குவதால் மணவாழ்வு முறிந்துவிடாது. பேசாமல் நகர்ந்து போனால்தான் ஆபத்து: இருமல் போன்ற ஏதோ ஒரு சாக்கில் ஒருவர் அடுத்த அறைக்குப் போய், திரும்பி வராமலே இருந்துவிடுவது.

உடலுறவு குறைவதற்கு அன்பு குறைந்ததுதான் காரணம் என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்துகொள்கிறார்கள். மருந்தையும் சற்றுச் சந்தேகியுங்கள். வலிக்குத் தரப்படும் டுலோக்ஸெட்டின் போன்ற மருந்துகள் விருப்பத்தையும் உச்சத்தையும் குறைக்கக்கூடும். நீண்ட நாள் எடுக்கும் ஓபியாய்டுகள் என்ற அபின் வகை வலி மருந்துகள் பாலியல் ஹார்மோன்களையே தாழ்த்தும். தானாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க வழியுண்டு. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து, உறவின்போதே வலிக்கும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயில் பொறுத்துக்கொள்வது தீர்வாகாது. உடம்பு அந்த வலியை எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டு அடுத்த முறை முன்கூட்டியே இறுகும். இரவுதான் அதற்கு நேரம் என்ற வழக்கத்தையும் கைவிடலாம். வலி தாழ்ந்திருக்கும் வேளை குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

எந்த ஏற்பாட்டை எடுத்தாலும் மாதம் ஒரு முறை, சண்டை இல்லாத ஒரு சாதாரண நாளில், பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். நோய் மாறும், மருந்து மாறும், குழந்தைகள் வளர்வார்கள். அந்தப் பேச்சில் "இருந்து என்ன பயன்" என்பது போன்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் பட்டியலை மூடிவைத்துவிட்டு அன்றே மருத்துவரை அணுகுங்கள். மற்றபடி முதலில் பேச வேண்டியவர் நலமாக இருப்பவர். வலியுள்ளவரின் நிலையை அந்த மாதம் முழுவதும் பலர் விசாரித்திருப்பார்கள். நலமாக இருப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.